வரவில்லை என்று ஒரு வரி சொல்லக் கூடாதா?

62 பெயர் அட்டைகள். பல்கலைக்கழக ஐடி ஊழியர்களுக்கான வருடாந்திர மாநாடு முடிந்த அன்று மாலை, பதிவு மேசையில் எடுப்பாரற்றுக் கிடந்தவற்றை எண்ணினேன். பெயர் கொடுத்தவர்கள் 180. வந்தவர்கள் 118. ஒவ்வொரு பெயரிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று முதல் நாள் இரவு 11 மணி வரை உட்கார்ந்து பார்த்தவன் நான். வயிறு எரிகிறது.

இதற்கு ஒரு தேதி பிடிப்பதே எவ்வளவு பாடு தெரியுமா? சிங்கப்பூரில் 6 தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள். ஆகஸ்ட்டில் புதுப் பருவம் தொடங்கும்போது யாரும் அசைய முடியாது. நவம்பரில் தேர்வு. மாணவர்களுக்கு விடுமுறை விட்டால் நமக்கும் ஓய்வு என்று வெளியே நினைக்கிறார்கள். சர்வரை மாற்றுவது, நெட்வொர்க்கைப் புதுப்பிப்பது எல்லாம் அப்போதுதானே! ஜூனில் பள்ளிகளுக்கு 4 வாரம் விடுமுறை, பிள்ளைகளோடு பலர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வியாழக்கிழமையைப் பிடிக்க மூன்று மாதம் மின்னஞ்சல் அனுப்பினேன். அந்தத் தேதிக்குச் சரி என்றவர்கள்தான் வரவில்லை.

அன்று காலை சர்வர் படுத்துவிட்டது என்று வராதவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. நம் வேலை அப்படி. அவர்கள் நான்கு பேரும் காலை 7 மணிக்கே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள். மீதி 58 பேர்? ஒரு சத்தமும் இல்லை. கட்டணம் இல்லை என்றால் சொன்ன சொல்லுக்கும் மதிப்பு இல்லையா?

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஒரு தலைக்கு 24 வெள்ளி, அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு. எண்ணிக்கையை மூன்று வேலை நாள் முன்பே சொல்லிவிட வேண்டும், அப்புறம் குறைக்க முடியாது. இங்கே கேட்டரிங் உணவைச் சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். தட்டுகளுக்குப் பக்கத்தில் 'பிற்பகல் 3 மணிக்குள் உண்ணவும்' என்று தாள் ஒட்டியிருந்தது. 2.40க்குப் பார்த்தால் இரண்டு பெரிய தட்டு பிரியாணி கரண்டி படாமல் அப்படியே இருக்கிறது. கேட்டரிங் அக்காவிடம் பொட்டலம் கட்டித் தர முடியுமா என்று கேட்டேன். "முடியாது தம்பி, மூணு மணி ஆகப்போவுது. ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க தலையிலதான் விழும்" என்றார். பிறகு கறுப்புப் பையை விரித்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். சூடு இன்னும் ஆறாத சோறு. அந்தப் பையின் கனம் இன்னும் கையில் இருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமை, சைவ மேசை மட்டும் 1 மணிக்கே காலி. பதிவில் அசைவம் என்று குறித்தவர்கள் பனீரை 'சும்மா கொஞ்சம்' அள்ளிக்கொண்டு போனார்கள். சுத்த சைவமான ஓர் அம்மா வெறும் சோறும் தர்பூசணியும் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். எனக்குத்தான் முகத்தில் விழிக்க முடியவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். அரங்கில் 180 பேருக்குத்தான் இடம் என்று பதிவை மூடிய பிறகு, 23 பேர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். அதில் ஒரு தம்பி, உதவி மையத்தில் இரவு ஷிப்ட். எடுரோம் என்ற பல்கலைக்கழக வைஃபை வசதி பற்றிய அமர்வுக்கு எப்படியாவது இடம் வேண்டும் என்று இரண்டு முறை எழுதினான். அதன் வழியாகத்தான் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலேயே நம் வைஃபையில் நுழைய வேண்டும். அது இணையாமல் போனால் ராத்திரியில் திட்டு வாங்குவது அவன்தான். ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேரே வருகிறேன் என்றான். மன்னிக்கவும், இடமில்லை என்று நானே பதில் போட்டேன்.

மறுநாள் கேன்டீனில் பார்த்தேன். "அண்ணே, பின்னாடி நாலு வரிசை காலியா கெடந்துச்சாமே?" என்று கேட்டான்.