லவீனியாவின் கல்யாணப் படம்

மறுமலர்ச்சிக் கால ஓவியத்தில் ஒரு பெண் வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும், இசை என்றால் காதல், இல்லாவிட்டால் இல்லற ஒற்றுமை என்று குறியீட்டு அகராதியைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்தப் படம் யார் கண்ணில் படுவதற்காக வரையப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டாமா?

லவீனியா ஃபொன்தானா 1577இல் தன்னைத் தானே வரைந்த படத்தைப் பாருங்கள். இத்தாலியின் பொலோன்யா நகரத்துக்காரி, அப்பா பிரோஸ்பெரோவும் ஓவியர். 27 சென்டிமீட்டர் உயரம்தான், இப்போது ரோமில் சான் லூக்கா அகாதமியில் இருக்கிறது. வர்ஜினல் என்ற சின்ன விசை வாத்தியத்தின் மேல் விரல்கள், கண்கள் நம்மை நோக்கி, பின்னால் இசைப் புத்தகத்தைப் பிடித்தபடி வேலைக்காரப் பெண். தான் கன்னி, பிரோஸ்பெரோவின் மகள், கண்ணாடியைப் பார்த்து வரைந்தேன் என்று லத்தீனில் எழுதியும் வைத்திருக்கிறார். இமோலாவைச் சேர்ந்த ஸாப்பி குடும்பத்தோடு கல்யாணம் பேசிய நேரம் அது. சரி, இதற்கு அகராதி எதற்கு? நல்ல குடும்பத்துப் பெண், படித்தவள், வாசிக்கத் தெரிந்தவள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

வாத்தியத் தேர்வும் அப்படித்தான். அரண்மனை நடத்தை பற்றி இத்தாலிய எழுத்தாளர் காஸ்தில்யோனே எழுதி 1528இல் வெளிவந்த நூல் அரண்மனைப் பெண்ணுக்கு இசையும் ஓவியமும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது, ஆனால் முரசும் எக்காளமும் அவளுக்கு ஆகாதாம்! வர்ஜினலில் இறகுத் தண்டு கம்பியைச் சுண்டும், சத்தம் ஓர் அறைக்குள் அடங்கிவிடும். அடக்கமான பெண் என்று காட்ட இதைவிட வசதியான வாத்தியம் ஏது? லவீனியாவுக்கு இருபது வருடம் முன்பே சோஃபோனிஸ்பா ஆங்குயிசோலா என்ற இத்தாலியப் பெண் ஓவியரும் இப்படி விசைகளில் கை வைத்தபடி தன்னை வரைந்திருக்கிறார்.

ஆனால் எனக்கு இந்தப் படத்தின் உயிர் பின்னால், ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கல்யாணப் பெட்டி, பக்கத்தில் ஓவியம் வரைகிற மரத்தாங்கி. சீதனம் வைக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் தொழில் கருவியைக் கொண்டுவந்து நிறுத்தியது தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன். என் சம்பாத்தியமும் சீதனம்தான் என்று அந்தப் பெண் சொல்வதாகவே படுகிறது. நடந்ததும் அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு தம்பதி பிரோஸ்பெரோவின் வீட்டிலேயே இருந்தார்கள், கணவர் ஜான் பாவ்லோ ஸாப்பி மனைவியின் வேலைக்குத் துணையாக இருந்தார், குடும்பம் ஓடியது லவீனியாவின் தூரிகையில். இடையில் பதினொரு பிள்ளைகள் வேறு.

இதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஜன்னல் மூலையை வெட்டியெறிந்து முகத்தையும் விரல்களையும் மட்டும் போட்டு 'இசையின் தேவதை' என்று பதிவிடுகிறார்கள் பாருங்கள், எரிச்சலாக வருகிறது.