அரூப ஓவியம் வெறும் இறக்குமதியா?

அண்ணாச்சி, நாகர்கோவில் பிள்ளைகளின் அரூப ஓவியங்களை, அதாவது ஆள், மரம் என்று எந்த உருவமும் இல்லாமல் நிறத்தாலும் கோட்டாலும் ஆன படங்களைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் சரக்கு, உருவம் வரையத் தெரியாதவர்கள் செய்கிற வேலை, நம் பண்பாட்டுக்கும் இதற்கும் ஒட்டே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாவது குற்றச்சாட்டு பாதி சரி. ஓர் இயக்கமாக அது 1910-களில் ஐரோப்பாவில்தான் உருவானது. மற்ற இரண்டும் தவறு.

ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்த யாரும் அவருக்கு உருவம் வராது என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம்தான் அவர் உருவமில்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போனார்.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் நிலக்காட்சிகள், மனிதர்கள் என்று நிறைய வரைந்தவர். 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் மலையாள எழுத்தை ஒத்த வரிகள், ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள் என்று பரப்பை நிரப்பினார். மேற்கை நகலெடுக்காமல் நமக்கென்று ஓர் ஓவிய மொழி வேண்டும் என்ற தேடல்தான் அவரை அங்கே கொண்டுபோனது. 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதும் அவர் முன்னெடுப்பில்தான். தமிழும் மலையாளமும் சேர்ந்து புழங்கும் நம் குமரி மாவட்டத்துக்குப் பணிக்கரின் அந்தப் படங்கள் எப்படி அந்நியமாகும்?

பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்கள்தான் மரபு என்கிறீர்கள். எனக்கும் அவை உயிர். ஆனால் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த இந்த மண்ணின் பிள்ளை 'நான் யார்' என்று தன்னையே கேட்கும்போது, அதற்கான உருவம் தயாராகக் கிடைப்பதில்லை. நிறத்திலும் கோட்டிலும் தேடட்டுமே. எதை நினைத்து வரைந்தார்கள் என்று அவர்களிடமே ஒருமுறை கேளுங்கள்.