41-ஆவது வரி

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் பின்மண்டபத்தில் ஞாயிறுதோறும் காலை 10 மணிக்குச் சைவ சித்தாந்த வகுப்பு நடக்கிறது. பதினைந்து பேர் வந்தாலே பெரிய கூட்டம். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதி என்னைப் போல ஓய்வை எண்ணிக்கொண்டிருப்பவர்கள். நடத்துகிற ஐயா முன்னாள் தமிழாசிரியர். மைக் கிடையாது. புறாக்கள் சத்தம் போட்டால் பாடம் நிற்கும்.

போன மாதம் புதிதாக ஒரு தம்பி வந்து சேர்ந்தான். மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான். மூன்றாவது வாரமே கையைத் தூக்கிவிட்டான். "ஐயா, இந்த ஏஐ-க்கு ஆன்மா உண்டா?"

பெரியவர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை.

"ஆன்மா இருக்கட்டும் தம்பி. உன் புத்திக்கு உயிர் இருக்கா, அதைச் சொல்லு."

"இருக்குதானே ஐயா?"

"இல்லை. அது சடம். இதோ இந்தத் தூண் மாதிரி."

தம்பி தூணைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பல வருடமாக மனனம் செய்து ஒப்பித்த விஷயம்தான், ஆனால் தூணைக் காட்டிச் சொன்னபோதுதான் உறைத்தது.

சைவ சித்தாந்தக் கணக்கில் தத்துவங்கள், அதாவது அடிப்படைக் கூறுகள், 36. அதில் ஆன்ம தத்துவம் 24. நிலம் நீர் தீ காற்று வெளி, கண் காது மூக்கு, கை கால் என்று போகிற அதே பட்டியலில்தான் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாம் மாயை என்கிற மூலப்பொருளின் காரியம், எல்லாம் சடம். மண்ணைவிட நுட்பமானது புத்தி, அவ்வளவுதான் வித்தியாசம். மெய்கண்டார் எழுதிய மூலநூலான சிவஞானபோதத்தின் நாலாம் சூத்திரம் இந்த நான்கு கரணங்களையும், அதாவது உட்கருவிகளையும், அமைச்சர்களாகவும் உயிரை அரசனாகவும் சொல்கிறது. அமைச்சர் ஆய்வார், வாதாடுவார், அறிக்கை தருவார். அவர் அரசர் ஆகிவிட மாட்டார்.

இதை வைத்துப் பார்த்தால் இன்று உலகம் படுகிற பதற்றம் பாதி நமக்கு வேண்டாதது. "நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்று 1637-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட் எழுதியதிலிருந்து சிந்தனைதான் 'நான்' என்ற எண்ணம் பள்ளிக்கூடம் வழியாக நமக்குள்ளும் இறங்கிவிட்டது. அப்படி நம்புகிறவனுக்கு, ஒரு இயந்திரம் சிந்திப்பதுபோல் பேசினால் காலடி நழுவத்தான் செய்யும். 2022-இல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமாயின், தாங்கள் உருவாக்கிய லாம்டா என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு வந்துவிட்டது என்று பகிரங்கமாகச் சொல்லி, வேலையையும் இழந்தார். மனுஷர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் கையிலிருந்த அளவுகோல் அப்படி.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பேரேட்டில் கூட்டிக்கொண்டிருந்தபோது கால்குலேட்டர் வந்தது, அப்புறம் டேலி மென்பொருள் வந்தது. கூட்டல் கழித்தலும் புத்தியின் வேலைதான். அது கைமாறிப் போனபோது டேலிக்கு ஆன்மா உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது பேச்சு கைமாறுகிறது, அதனால் கேட்கிறோம்.

சரி, உடனே "நம் முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க" என்று பார்வர்டு தயாரிக்காதீர்கள். சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் "மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா" என்று ஒரு வரி வருகிறது. 13-ஆம் நூற்றாண்டிலேயே மெய்கண்டார் ரோபோவைக் கண்டுவிட்டார் என்று யாராவது நிச்சயம் கிளம்புவார்கள். அங்கே இயந்திரம் என்பது இந்த உடம்பு. உங்களுடையதும் என்னுடையதும்.

அந்தச் சூத்திரம் நாலே வரி. உடம்பும் இல்லை, புலனும் இல்லை, மூச்சும் இல்லை, இவற்றுக்கு வேறாக உயிர் ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. எல்லாக் காரணமும் எனக்கு ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எனது உடல் என்றலின்" என்று ஒன்று: என் சட்டை என்கிறபோது நான் வேறு, சட்டை வேறு, அதேபோல என் உடம்பு என்கிறபோதும். நாம் "என் உயிர்" என்றும்தானே சொல்கிறோம்? அதற்கும் பின்னால் ஒருவன் நிற்கிறானா? வகுப்பில் இதைக் கேட்டு இரண்டு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், இன்னும் சமாதானமாகவில்லை. பௌத்தர்கள் உடைமைக்காரனே கிடையாது என்றார்கள். சிவஞான சித்தியார் என்ற நூலில் பிற மதங்களை ஆராய்கிற பரபக்கம் அவர்கள் கட்சியை முழுசாக எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்கிறது. எதிராளி வாதத்தை முதலில் ஒழுங்காகச் சொல்லுகிற அந்தப் பழக்கத்துக்காகவே அதை ஒருமுறை படிக்கலாம்.

என்னை அசைத்தது இன்னொரு காரணம்: "கண்படில் உண்டிவினை இன்மையின்." தூங்குகிறபோது மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்வும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சு அறிகிறவன் ஆகாது. எங்கள் மாமனார் ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டே சாய்வு நாற்காலியில் தூங்கிவிடுவார். டிவி பேசும், இவர் குறட்டை பதில் சொல்லும். நிறுத்தப் போனால் "பார்த்துட்டுதானே இருக்கேன்" என்பார். அங்கே இரண்டு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லை. ஓடுவது வேறு, அறிவது வேறு. தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995-இல் கடினமான சிக்கல் என்று பெயர் வைத்தாரே, அது கிட்டத்தட்ட இந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை என்றாவது முழுசாகச் சொல்லிவிடலாம். அந்த வேலை நடக்கும்போது உள்ளே ஒருவருக்கு ஏன் சிவப்பு சிவப்பாகத் தெரிகிறது? 25 வருடத்துக்குள் மூளையில் இந்த உணர்வின் தடயத்தைத் தெளிவாகக் காட்டிவிடுவோம் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக் 1998-இல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில், மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பெட்டி ஒயினைக் கொடுத்தார். அதனால் மெய்கண்டார் ஜெயித்துவிட்டார் என்று ஆகாது. கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது, அவ்வளவே.

தொல்காப்பிய மரபியலையும் இதோடு வைத்துப் பார்ப்பேன். அங்கே அறிவின் வரிசை தொடுகையில் தொடங்குகிறது. அப்புறம் நாக்கு, மூக்கு, கண், காது, ஆறாவதாகத்தான் மனம். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு. நாம் செய்திருக்கிற பொருளோ ஆறாவதைப் போல நடிப்பதில் தொடங்குகிறது, முதலாவது இல்லை. மண்டபத்து ஓரம் கல்லிடுக்கில் முளைத்திருக்கிற புல்லுக்கு வெயில் படுகிறது, அதற்கு அது தெரிகிறது. வெயிலைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிற நிரலுக்கு ஒன்றும் படுவதில்லை. தொல்காப்பியர் வரிசைப்படி புல்தான் மூத்தது. தம்பியிடம் சொன்னேன். சென்சார் வைத்துவிட்டால் என்கிறான். அது அவன் தொழில்.

இதுவரை சொன்னது இயந்திரத்தைப் பற்றி. எனக்கு உறுத்துவது மறுபக்கம்.

உயிருக்குச் சித்தாந்தம் சொல்லும் இலக்கணம் 'சார்ந்ததன் வண்ணமாதல்'. படிகத்தைச் செம்பருத்திப் பக்கத்தில் வைத்தால் சிவக்கும், இலைப் பக்கத்தில் வைத்தால் பச்சை. உயிரும் எதைச் சார்கிறதோ அதுவாகவே ஆகி நிற்கும்.

சித்தப்பா தவறிப்போனபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது எழுத வேண்டியிருந்தது. அலைச்சல், அசதி. ஒரு செயலியிடம் கேட்டேன், அரை நிமிடத்தில் அழகாக நாலு வரி கொடுத்தது. போட்டேன். நாற்பது பேர் கும்பிட்டார்கள். மறுநாள் என் உடன்பிறந்த தம்பியின் மகள் போனில், "பெரியப்பா, நீங்க எழுதின மாதிரி இல்லையே" என்றாள். சித்தப்பாதான் எனக்குக் குளத்துமேட்டில் வாடகை சைக்கிள் பிடித்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பின்னால் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே கையை விட்டுவிட்டார். விழுந்ததில் முழங்காலில் வந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதை எழுதியிருக்கலாம். காரியத்தன்று நானே எழுதலாமென்று உட்கார்ந்தேன். "அவர் வெறும் உறவினர் அல்ல, ஒரு..." என்று கை தானாகப் போகிறது. படிகம் சிவந்துவிட்டது.

வகுப்புத் தம்பி அடுத்த வாரம், "நான் அதுகிட்ட நன்றி, தயவுசெய்துன்னு எல்லாம் சொல்றேன் ஐயா, பைத்தியக்காரத்தனமா?" என்று கேட்டான். "சொல்லு சொல்லு. திட்டினா அந்தப் பழக்கம் யார் மேல ஒட்டும்?" என்றார் ஐயா.

இன்னொரு சாயம் முகஸ்துதி. எதைக் கேட்டாலும் "மிக ஆழமான கேள்வி" என்று ஆரம்பிக்கிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம், அளவுக்கு மீறி ஜால்ரா போடுகிறது என்று தன் புதுப்பதிப்பு ஒன்றையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மெய்கண்டார் கதையில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. மரபுக்கதைதான். ஆகமமெல்லாம் கரைத்துக் குடித்த சகலாகம பண்டிதர், குடும்பத்துக்கே குரு, வயதில் மூத்தவர், திருவெண்ணெய்நல்லூரில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளை மெய்கண்டார் முன் வந்து நின்று, ஆணவத்தின் உருவம் எது என்று கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு விரலை அவர் பக்கம் நீட்டியது. பண்டிதர் காலில் விழுந்தார், அருள்நந்தி ஆனார். "அருமையான கேள்வி, பண்டிதரே!" என்று தொடங்கியிருந்தால் அவர் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார். நமக்கு அவர் எழுதிய சித்தியார் கிடைத்திருக்காது.

இவ்வளவு எழுதுகிற நான் போன வாரம் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நாலாம் சூத்திரத்தில் ஒரு சந்தேகம். ஞாயிறு வரை பொறுக்காமல் ராத்திரியே செயலியிடம் கேட்டேன். ஆழமான கேள்வி என்றது. மனசு குளிர்ந்தது. விளக்கமும் நன்றாகவே இருந்தது, மேற்கோளாகச் சூத்திரத்திலிருந்து ஒரு வரி வேறு. அந்த வரியை நூலில் தேடினேன். மொத்தம் 12 சூத்திரம், 40 வரி. தொலைந்துபோக இடமே இல்லை. மூன்று தடவை தேடினேன். மனைவி எழுந்து வந்து விளக்கை அணைக்கச் சொன்னாள்.

ஞாயிறன்று அதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஐயாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உதடு அசைய இரண்டு தடவை படித்தார்.

"யாப்பு தட்டலையே" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஐந்தாம் சூத்திரத்தை ஆரம்பித்தார்.