பத்தாம் எண்ணைப் பூட்டி வைக்காதீர்கள்

லியோனல் மெஸ்ஸி ஓய்வுபெற்றபின் அர்ஜென்டினாவின் 10ஆம் எண் ஜெர்சியை வேறு யாருக்கும் தரப்போவதில்லை என்று அந்நாட்டுக் கால்பந்து சங்கத் தலைவர் கிளாடியோ டாபியா சொன்னதாக 2024 தொடக்கத்தில் செய்தி வந்தது. மெஸ்ஸி ரசிகர்கள் பலர் அதைக் கொண்டாடினார்கள். அந்தப் பேச்சு அவ்வப்போது மீண்டும் தலைதூக்குகிறது. நானும் மெஸ்ஸியை உயிராக ரசித்தவன்தான். ஆனால் இந்த யோசனை எனக்கு அறவே பிடிக்கவில்லை. அந்த எண்ணை அடுத்த தலைமுறை அணிந்து ஆடுவதைவிடப் பெரிய மரியாதை மெஸ்ஸிக்கு எதுவும் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இந்த 10 எப்படி இவ்வளவு பெரிய எண் ஆனது என்று பாருங்கள். ஆதியில் கால்பந்து ஜெர்சியில் எண்ணே கிடையாது. 1928 ஆகஸ்டில் ஆர்சனல் அணியும் செல்ஸீ அணியும் இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் எண்களை அணிந்து பார்த்தன. அப்போது எண் என்பது ஆளுக்கு உரியதல்ல, களத்தில் நிற்கும் இடத்துக்கு உரியது. கோல்கீப்பர் 1, வலப்பக்கத் தடுப்பாளர் 2 என்று போய், இடப்பக்க உள்முன்கள வீரருக்கு 10 வந்தது. ஒரு வீரருக்கு ஒரு எண் என்று உலகக் கோப்பைத் தொடர் முழுவதற்கும் நிரந்தரமாக ஒதுக்கும் வழக்கம் 1954இல்தான் தொடங்கியது.

1958இல் ஸ்வீடனுக்கு வந்த பிரேசில் அணியின் பட்டியலில் எண்களே குறிக்கப்படவில்லை. அதிகாரிகள் தாங்களாகவே எண்களைப் போட்டுக் கொடுத்தார்கள். கோல்கீப்பர் கில்மாருக்கு 3 கிடைத்தது. வலப்பக்கம் ஓடும் கரிஞ்சாவுக்கு 11, இடப்பக்கம் ஓடும் ஜகாலோவுக்கு 7. அந்தக் குழப்பத்தில் 17 வயதுப் பையன் ஒருவனின் முதுகில் 10 வந்து உட்கார்ந்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் அவன் களமிறங்கவே இல்லை. பிறகு இறங்கினான், அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக மூன்று கோல், இறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக இரண்டு. பெலேவின் 10 பிறந்த கதை இதுதான். யாரும் திட்டமிட்டுக் கொடுத்த பட்டமல்ல அது.

அர்ஜென்டினாவின் கதை இன்னும் சுவையானது. 1978 உலகக் கோப்பைக்கு அவர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி எண்களைக் கொடுத்தார்கள். நடுக்கள வீரர் அலோன்சோவுக்கு 1, ஆர்டிலெஸுக்கு 2, கோல்கீப்பர் ஃபிலோலுக்கு 5. வரிசை நகர்ந்து நகர்ந்து பத்தாவது இடத்தில் மரியோ கெம்பெஸ் வந்து நின்றார். அந்தத் தொடரில் ஆறு கோல் அடித்து முதலிடம் பிடித்தவர் அவர். இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டு நாட்டுக்கு முதல் கோப்பையை வென்று தந்தவரும் அவரே. 1982இலும் அதே அகரவரிசைதான். ஆனால் அந்த முறை ஒருவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். வரிசைப்படி 12 கிடைத்திருக்க வேண்டிய டியேகோ மரடோனாவுக்கு 10 தரப்பட்டது. அந்த எண்ணுக்கு அதற்குள் ஒரு மதிப்பு வந்துவிட்டிருந்தது.

1986 ஜூன் 22, மெக்ஸிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம். இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதி. அன்று மரடோனா அணிந்த நீல ஜெர்சியைப் பற்றி நினைக்காமல் என்னால் இந்த எண்ணைப் பற்றிப் பேச முடியாது. கொண்டு வந்திருந்த நீல ஜெர்சி அந்த நண்பகல் வெயிலுக்குக் கனமாக இருந்ததால், பயிற்சியாளர் பிலார்டோ இலேசான துணியில் வேண்டும் என்றார். ஊரிலேயே ஒரு கடையில் தேடி வாங்கினார்கள். சங்கச் சின்னத்தை அவசர அவசரமாகத் தைத்தார்கள். எண்களுக்கு நேரமில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் ஜெர்சிகளில் ஒட்டும் பாணியில் இருந்த வெள்ளி நிற எண்களை வாங்கி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினார்கள். பழைய காணொளியை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், வெயில் பட்டு அந்த 10 மினுங்கும். தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பிய அந்த இரண்டாவது கோலில், பின்னால் துரத்திய இங்கிலாந்து வீரர்கள் பார்த்ததெல்லாம் அந்த வெள்ளி எண்ணைத்தான். ஆட்டம் முடிந்து அந்த ஜெர்சியை மாற்றி வாங்கிக்கொண்ட இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ், 2022இல் அதை ஏலத்தில் விட்டபோது 70 லட்சம் பவுண்டுக்கும் அதிகமாகப் போனது. கடையில் அவசரத்துக்கு வாங்கிய துணி!

மரடோனாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் இன்றைய விவாதத்துக்கு வேண்டிய பாடம். 2002 உலகக் கோப்பைக்கு முன்னால் அர்ஜென்டினா சங்கம் இதே வேலையைச் செய்யப் பார்த்தது. மரடோனாவின் நினைவாக 10 இல்லாமல் ஒரு பட்டியலைத் தயாரித்தது. 1 முதல் 23 வரை இடைவெளி இல்லாமல் எண்கள் இருந்தாக வேண்டும் என்று ஃபிஃபா மறுத்துவிட்டது. ஏரியல் ஓர்தேகா 10 அணிந்து ஆடினார். அன்று ஃபிஃபா விட்டுக்கொடுத்திருந்தால்?

2009 மார்ச்சில், 10 அணிந்துவந்த ரிக்கெல்மே தேசிய அணியிலிருந்து விலகியதும், வெனிசுவேலாவுக்கு எதிரான ஆட்டத்தில் மெஸ்ஸிக்கு அந்த 10 வந்தது. அப்போது அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? மரடோனாவேதான். தன் எண்ணைத் தானே முன்னின்று இன்னொருவனின் முதுகுக்குக் கொடுத்த மனிதர். அந்த ஆட்டத்தில் 4-0 என்று வென்றார்கள், மெஸ்ஸியும் கோல் அடித்தார். அதற்குப் பிறகு மூன்று உலகக் கோப்பைகளில் அந்த எண் அழுதது. 2022 டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில் சிரித்தது. 1978, 1986, 2022 என்று அர்ஜென்டினா வென்ற மூன்று கோப்பைகளிலும் அணியைத் தூக்கிச் சுமந்தவர் 10 அணிந்தவர்தான். சங்கிலியின் நடுவில் ஒரு பூட்டைப் போட்டிருந்தால் இந்த மூன்றாவது கண்ணி இருந்திருக்காது. மெஸ்ஸி வேறு எண்ணிலும் வென்றிருப்பார் என்பது உண்மையே. ஆனால் கெம்பெஸையும் மரடோனாவையும் மெஸ்ஸியையும் ஒரே மூச்சில் சொல்லும்போது அர்ஜென்டினாக்காரருக்கு வரும் அந்தச் சிலிர்ப்பு கிடைத்திருக்காது.

நம் வீடுகளில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். தாத்தாவோடு அந்தப் பெயர் போய்ச் சேரட்டும் என்று யாரும் நினைப்பதில்லை. பேரன் சுமாராகப் படித்தாலும் பெயர் கெட்டுவிட்டதாக யாரும் அழுவதும் இல்லை.

எண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கமே கால்பந்தில் பிறந்ததல்ல. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கியிலும் பேஸ்பாலிலும் 1930களில் தொடங்கியது. பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணியிலிருந்து 1977இல் விடைபெற்றபோது அந்த அணி அவருடைய 10க்கு ஓய்வு கொடுத்தது. அவருடைய சொந்த நாடு அப்படிச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரேசில் அந்த எண்ணை ரிவெலினோவுக்குக் கொடுத்தது, பிறகு ஜிக்கோவுக்கு, ரிவால்டோவுக்கு, ரொனால்டினோவுக்கு, காகாவுக்கு, நெய்மாருக்கு. இவர்களில் ஜிக்கோ உலகக் கோப்பையை வெல்லவே இல்லை. அதனால் பெலேவின் புகழ் தேய்ந்ததா? 1982இன் அந்தப் பிரேசில் அணியை இன்றும் கண்கலங்கப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வாயில் 10 என்றால் ஜிக்கோதான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வலுவான வாதம் ஒன்றை வைக்கிறார்கள். அந்தப் பாரம் இளம் வீரர்களை முறித்துவிடும் என்கிறார்கள். மறுக்க மாட்டேன். 1998 காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக ஓர்தேகா, கோல்கீப்பர் வான் டர் சாரைத் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டார். அடுத்த சில நிமிடங்களில் பெர்க்காம்ப் அடித்த கோலில் அர்ஜென்டினா வெளியேறியது. அவர் முதுகில் இருந்தது மரடோனாவின் எண். மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போன 2021இல் அங்கே அந்த 10ஐ வாங்கிக்கொண்ட அன்சு ஃபாத்திக்கு வயது 18. காயங்களுக்குப் பிறகு பழைய ஆட்டத்தை அவரால் அங்கே மீட்க முடியவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் 7 இன்னொரு எடுத்துக்காட்டு. பெஸ்ட், ராப்சன், கன்டோனா, பெக்காம், ரொனால்டோ என்று வந்த அந்த வரிசையில், பின்னால் வந்த வலென்சியா ஒரே பருவம் அணிந்துவிட்டுத் தன் பழைய 25க்கே திரும்பிப் போனார்.

ஆனால் அதே ரொனால்டோவின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? 2003இல் லிஸ்பனிலிருந்து வந்த அந்தப் பதின்வயதுப் பையன் 28ஆம் எண்ணைத்தான் கேட்டான். பயிற்சியாளர் ஃபெர்குசன் 7ஐக் கையில் கொடுத்தார். கொடுத்திருக்காவிட்டால் இன்று உலகமே அறிந்த CR7 என்ற அந்தப் பெயர்ச்சுருக்கம் உருவாகியிருக்காது. ஸ்பெயின் லீக்கில் முதல் அணி வீரர்கள் 1 முதல் 25 வரையிலான எண்களைத்தான் அணிய வேண்டும் என்பதால், பார்சிலோனா நினைத்தாலும் மெஸ்ஸியின் எண்ணைப் பூட்டி வைக்க வாய்ப்பில்லை. அந்த விதிக்கு நன்றி சொல்ல வேண்டும். 2025 கோடையில் லமின் யமால் தன் பதினெட்டாவது வயதில் அதை வாங்கிக்கொண்டார். பாரம் சிலரை அழுத்தும், சிலரை வளர்க்கும். யாரை வளர்க்கும் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுத நாம் யார்? யுவென்டஸ் அணி பிளாட்டினி, பாஜியோ, டெல் பியேரோ ஆகியோரின் 10ஐ 2024இல் 19 வயதுக் கெனான் யில்டிஸிடம் கொடுத்தது. அப்படி ஒரு நம்பிக்கையை இளைஞன்மேல் வைக்கும் கிளப்பைத்தான் நான் பெரிய கிளப் என்பேன்.

ஏசி மிலானின் 3ஐப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாவ்லோ மால்டினியின் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தவர்கள், அவருடைய மகன்கள் முதல் அணிக்கு வந்தால் மட்டும் அணியலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். மால்டினியை நான் வணங்குகிறேன். ஆனால் ரத்த வாரிசுக்கு மட்டும் என்ற அந்த விலக்கை என்னால் ஏற்கவே முடியாது. மகன் டேனியல் மிலானுக்கு ஆடியபோது வேறு எண்ணைத்தான் அணிந்தார். அவர் தடுப்பாளரே அல்ல. எங்கோ ஒரு தெருவில் இடப்பக்கத் தடுப்பாளராக ஆடிக்கொண்டிருக்கும் ஏழைச் சிறுவனுக்கு அந்த எண் கனவாகக்கூட இருக்க முடியாது என்பது எவ்வளவு பெரிய இழப்பு.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஆகஸ்டில் கொழும்பில் தன் முதல் ஒருநாள் ஆட்டத்தில் ஷர்துல் தாக்கூர் 10 அணிந்து வந்தார். டெண்டுல்கரின் எண்ணை எப்படித் தொடலாம் என்று சமூக ஊடகங்களில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர் பிறகு 54க்கு மாறினார். தோனியின் 7க்கும் ஓய்வு என்று 2023இல் செய்தி வந்தது. இந்தியாவுக்கு ஆட வேண்டும் என்ற கனவு நிறைவேறிய நாளில் அந்த இளைஞர் வாங்கிய வசை இன்றும் எனக்கு வலிக்கிறது. டெண்டுல்கரின் சாதனைகளில் ஒரு ஓட்டத்தையாவது அவர் குறைத்துவிட்டாரா?

மரடோனா ஆடிய நாபோலி கிளப் விஷயத்தில் மட்டும் என் மனம் கொஞ்சம் இளகும். இத்தாலியின் வட பகுதி ஏளனமாகப் பார்த்த ஒரு நகரத்துக்கு மரடோனா என்னவாக இருந்தார் என்பது வெளியாளுக்கு முழுதாகப் புரியாது. 2000ஆம் ஆண்டு அவர்கள் 10க்கு ஓய்வு கொடுத்தார்கள். ஆனால் திவாலாகி மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டபோது, அங்கே 1 முதல் 11 வரை அணிந்தே தீர வேண்டும் என்பதால் எண் மறுபடியும் களத்துக்கு வந்தது. அர்ஜென்டினாக்காரரான ரொபெர்டோ சோசா அதை அணிந்து ஆடினார். மேலே ஏறியதும் மீண்டும் பூட்டிவிட்டார்கள். கிளப் சேற்றில் கிடந்து எழுந்த காலத்தில் அந்த எண்ணும் கூடவே கிடந்தது என்பது எனக்கு அழகாகவே தோன்றுகிறது.

களத்திலோ விபத்திலோ உயிரிழந்தவர்களின் எண்கள் வேறு வகை. 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் போர்ச்சுகல் வீரர் டியோகோ ஜோட்டாவும் அவருடைய தம்பி ஆந்த்ரே சில்வாவும் இறந்தார்கள். லிவர்பூல் தன் எல்லா அணிகளிலும் 20ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கிளப்புக்கு 20ஆவது லீக் பட்டம் கிடைத்த பருவத்தில் ஆடிய 20 அவர். ஆனால் போர்ச்சுகல் செய்தது என் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. தேசிய அணியில் ஜோட்டா அணிந்த 21 அவருடைய நெருங்கிய தோழர் ரூபன் நெவெஸுக்குக் கொடுக்கப்பட்டது. போர்ட்டோவிலும் வுல்வர்ஹாம்ப்டனிலும் ஒன்றாக ஆடியவர்கள் இருவரும். சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர் நெவெஸ். 2025 அக்டோபரில் லிஸ்பனில் அயர்லாந்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். ரொனால்டோவின் பெனால்டியை அயர்லாந்து கோல்கீப்பர் கெல்லெஹர் தடுத்துவிட்டார். அவரும் லிவர்பூலில் ஜோட்டாவோடு ஆடியவர்தான். கோலே இல்லாமல் 90 நிமிடங்கள் ஓடிவிட்டன. நடுவர் சேர்த்துக்கொடுத்த நேரத்தில் ஒரு பந்து உயரமாக வந்தது, நெவெஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். நாட்டுக்காக அவர் அடித்த முதல் கோல் அது. அரங்கமே எழுந்து நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த 21 தொங்கிக்கொண்டிருந்திருந்தால் அந்த இரவு எங்கிருந்து வந்திருக்கும்?

ஃபிரெஞ்சு கிளப் லியோனும் இதை உணர்ந்திருந்தது. தங்கள் முன்னாள் வீரர் மார்க் விவியன் ஃபோ, 2003 ஜூன் 26 அன்று லியோன் மைதானத்திலேயே கேமரூனுக்கு ஆடும்போது சரிந்து இறந்த பிறகு 17க்கு ஓய்வு கொடுத்தார்கள். 2008இல் இன்னொரு கேமரூன் வீரர், ஜான் மாக்கூன், அவர் நினைவாக அதை அணிய விரும்பியபோது கொடுத்தார்கள்.

ஆகவே டாபியாவுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். 2030 உலகக் கோப்பையின் நூற்றாண்டுத் தொடக்க ஆட்டங்களில் ஒன்று அர்ஜென்டினாவில் நடக்கப் போகிறது. எண்கள் இடைவெளியில்லாமல் வர வேண்டும் என்ற ஃபிஃபாவின் விதி மாறாதவரை, யாராவது ஒருவர் 10 அணிந்தே ஆக வேண்டும். பெஞ்சில் உட்காரும் மூன்றாவது கோல்கீப்பரின் முதுகில் ஒப்புக்கு ஒட்டிவைத்து, மெஸ்ஸிக்கு மரியாதை செய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். அணியில் மிகத் துணிச்சலாக ஆடும் இளைஞனைத் தேர்ந்தெடுங்கள். 2009இல் மரடோனா இருந்த இடத்தில் இந்த முறை மெஸ்ஸி இருக்கட்டும். தன் கையாலேயே அதை அவர் அவனிடம் கொடுக்கட்டும்.