212-ஆம் வரிசையில் இருந்தவர்

ஆட்குறைப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது திடீரென்று காலண்டரில் முளைக்கும் அந்தப் பதினைந்து நிமிட மீட்டிங். அது முடிவதற்குள் லாக் ஆகிவிடும் லேப்டாப். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு எக்செல் ஃபைல். நான் ஃபைனான்ஸில் இருப்பவன். அந்த மீட்டிங்குக்கு மூன்று வாரம் முன்பே அந்த ஃபைலைத் தயார் செய்தவர்களில் நானும் இருந்தேன்.

அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. ஃபைலில் யார் பெயரும் இருக்காது. ஊழியர் எண், சேர்ந்த தேதி, சம்பளம், நோட்டீஸ் காலம், எடுக்காத விடுப்பு, கொடுக்க வேண்டிய செவரன்ஸ், அதாவது வேலையை விட்டு அனுப்பும்போது தரும் இழப்பீட்டுத் தொகை. கடைசியில் ஒரு கட்டம்: எத்தனை மாதத்தில் ஈடாகும். அதாவது, இவரை அனுப்ப ஆகும் செலவு, இவருக்குச் சம்பளம் தராமல் மிச்சமாகும் பணத்தில் எத்தனை மாதத்தில் திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கு. பெரும்பாலும் நான்கு, ஐந்து என்று வந்தது. 212-ஆம் வரிசையில் மட்டும் பதினொன்று.

சேர்ந்த தேதியைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. பதினான்கு வருட சர்வீஸ். மாதக் கடைசியில் கணக்கை எப்படி முடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். மேலே இருந்து ஒரு கேள்வி வந்தது: "இந்த ஒரு வரிசை ஏன் இவ்வளவு? குறைக்க முடியுமா?" குறைத்தார்கள். நோட்டீஸ் காலச் சம்பளத்தைத் தனியாகத் தராமல் செவரன்ஸுக்குள்ளேயே அடக்கினார்கள். பதினொன்று எட்டானது. அந்த எட்டை டைப் செய்தது என் கை.

வேலை போன அன்று சாயங்காலம் அவர் போன் செய்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்க்கா. மூணு வாரமா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "போன வாரம்தான் வீட்டு லோனுக்குக் கையெழுத்து போட்டேன்."

வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். அது உண்மைதான். ஆனாலும் அந்தப் போனுக்கு இன்று வரை என்னிடம் சரியான பதில் இல்லை.

சரி, இதை இப்போது எழுதக் காரணம், இதற்கு அடுத்து நான் பார்த்த இன்னொரு ஃபைல். வருடக் கடைசியில் மேலதிகாரிகளின் போனஸைக் கணக்கிடும் ஃபைல். அந்த போனஸ் எந்த லாபத்தை வைத்து? கணக்குப் புத்தகத்தில் இருக்கும் லாபத்தை வைத்து அல்ல. 'சரிக்கட்டிய லாபம்' என்று ஒன்றை வைத்து. ஒரே ஒரு தடவை வரும் செலவுகளைக் கழிக்காமல் விட்டால் கிடைக்கும் லாபம் அது. எங்கள் செவரன்ஸ் செலவு முழுக்க அந்த 'ஒரு தடவை' பட்டியலுக்குள் போய்விட்டது. ஆனால், அனுப்பப்பட்டவர்களின் சம்பளம் மிச்சமானதால் கூடிய லாபம்? அது அப்படியே கணக்கில் இருந்தது.

இதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பாருங்கள். ஆளை அனுப்புவதால் வரும் செலவு முடிவெடுத்தவரின் போனஸைத் தொடாது. அதனால் வரும் மிச்சம் மட்டும் அவர் போனஸில் ஏறும். 212-ஆம் வரிசையில் மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்தது செலவு அதிகம் என்பதற்காக. அதே செலவு போனஸ் கணக்குக்கு வரும்போது செலவே இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

எங்கள் கம்பெனியில் மட்டும் நடந்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். சரிக்கட்டிய கணக்கு உலகம் முழுக்கப் பழகிப்போன ஒன்று. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. செவரன்ஸ், அலுவலகக் குத்தகை எல்லாம் சேர்த்து 120 கோடி டாலர் செலவு காட்டியது. அதைக் கழித்தால் அந்தக் காலாண்டில் ஒரு பங்குக்கு லாபம் 2.20 டாலர், கழிக்காமல் 2.32 டாலர். இரண்டையும் வெளிப்படையாகத்தான் வெளியிட்டார்கள், சட்டப்படி தவறு எதுவும் இல்லை. என் கேள்வி, இப்படி இரண்டு எண்கள் இருக்கும்போது ஒரு கம்பெனி தன் தலைவர்களின் போனஸுக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்பதுதான்.

'ஒரு தடவை' என்ற வார்த்தையும் நிற்காது. மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரை அனுப்பியது. நான்கு மாதம் கழித்து இன்னும் 10,000 பேர் என்றது. அமேசான் 2023 ஜனவரியில் 18,000, மார்ச்சில் மேலும் 9,000. திரும்பத் திரும்ப வருவதை ஒரு தடவைச் செலவு என்று எப்படி எழுதுவது?

அதே 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் சுமார் 12,000 பேரைக் குறைத்தது. முழுப் பொறுப்பையும் தானே ஏற்பதாக சுந்தர் பிச்சை ஊழியர்களுக்கு எழுதினார். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அங்கே கொடுத்த செவரன்ஸ் பல இடங்களைவிட நல்ல தொகை: அமெரிக்க ஊழியர்களுக்கு 16 வாரச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு இரண்டு வாரம். ஆனால் அதே வருடம் ஏப்ரல் முடிவதற்குள் இரண்டு விஷயம் தெரியவந்தது. ஒன்று, 2022-க்கான அவருடைய மொத்த ஊதியம் சுமார் 22.6 கோடி டாலர். அதில் பெரும்பகுதி மூன்று வருடத்துக்கு ஒருமுறை தரும் பங்குகள், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது, சொந்தப் பங்குகளையே திரும்ப வாங்க 7,000 கோடி டாலர் வரை ஒதுக்க இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. பொறுப்பை ஏற்றவருக்கு அந்தப் பொறுப்பால் என்ன குறைந்தது என்று ஊழியர்கள் கேட்டார்கள். கேட்பதில் என்ன தப்பு?

தலைவர்களுக்கு அதிகம் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை நடத்திச் செல்வது பெரிய வேலை. ஆனால் 1965-இல் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் சி.இ.ஓ. வாங்கியது சாதாரண ஊழியரைப்போல் சுமார் 20 மடங்கு. இப்போது 280 மடங்குக்கு மேல் என்கிறது அந்நாட்டின் எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு. இத்தனை மடங்கு ஏறியதற்கு, ரிஸ்க்கைத் தாங்குகிறார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். எந்த ரிஸ்க்? கணிப்பு தப்பினால் வேலை போவது 212-ஆம் வரிசைக்கு.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2014-இல் ஜப்பானின் வீடியோ கேம் கம்பெனியான நிண்டெண்டோவின் விற்பனை படுத்துவிட்டது. தலைவராக இருந்த சடோரு இவாடா தன் சம்பளத்தை ஐந்து மாதத்துக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மற்ற இயக்குநர்களும் குறைத்துக்கொண்டார்கள். வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் மக்களைக் கவரும் விளையாட்டுகளை உருவாக்க முடியாது என்று அதற்கு முந்தைய வருடமே பங்குதாரர்களிடம் பேசியிருந்தார். பயத்தோடு வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அந்த மீட்டிங்குக்குப் பிறகு எங்கள் தளத்தில் மிஞ்சிய ஆட்கள் மாதக்கணக்கில் புது யோசனை எதுவும் சொல்லவில்லை. யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று இருந்தோம்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. செவரன்ஸ் செலவைக் கழித்த பிறகு வரும் லாபத்தில் போனஸைப் போடுங்கள். அவ்வளவுதான். அந்தச் செலவு தன் பையையும் கடிக்கும் என்றால், ஆட்களை எடுக்கும்போதே நிதானமாக எடுப்பார்கள். அனுப்பும் முன் இன்னொரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தால் ஆண்டறிக்கையை எடுங்கள். தலைவர்களின் ஊதியம் பற்றிய பகுதிக்குப் போய், போனஸுக்கு எந்த லாபத்தை எடுத்தார்கள், அதிலிருந்து எதையெல்லாம் விலக்கினார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில் இருக்கும். ஆட்குறைப்புச் செலவு அந்தப் பட்டியலில் இருந்தால், அடுத்த முறை மேலிடம் "கேள்வி ஏதாவது உண்டா?" என்று கேட்கும் கூட்டத்தில் அந்தப் பக்கத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.