ரெக்கார்டைக் கிழிப்பதால் காப்பி நிற்காது

நர்சிங் மாணவி தன் நோயாளியைப் பார்த்து எழுத வேண்டிய கேர் பிளானை (கவனிப்புத் திட்டம்) சீனியருடையதைப் பார்த்து எழுதியது தெரிந்தால், பல கல்லூரிகளில் கிடைப்பது வார்டிலேயே திட்டு. அப்புறம் அதை எழுதிய ரெக்கார்டு நோட்டைக் கிழித்து, "நாளைக்குள்ள முழுசா எழுதிட்டு வா" என்ற உத்தரவு. ஒரே ராத்திரியில் முழுசாக எழுத இன்னொரு ரெக்கார்டைத்தான் அவள் தேடுவாள். காப்பிக்குத் தண்டனை காப்பி!

எதைக் காப்பி அடித்தாள் என்று முதலில் பாருங்கள். நோய் விளக்கமும் மருந்தின் பக்கவிளைவும் புத்தகத்திலிருந்து வரிக்கு வரி வந்திருந்தால், எடுத்த இடத்தைக் குறிப்பிடாத தவறு. சொல்லிக்கொடுத்தால் திருந்தும். பல்ஸும் பிபியும் அடுத்தவள் நோட்டிலிருந்து வந்திருந்தால் அது பொய்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வார்டுகளுக்குப் பூச்சிமருந்து கேஸ் புதிதல்ல. அதில் ஒரு வகையான ஆர்கனோபாஸ்பரஸ் விஷம் குடித்தவருக்குக் கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். முறிமருந்தான அட்ரோபின் போதிய அளவு ஏறினால் பல்ஸ் 80-ஐத் தாண்டும், அக்குள் காயும், நெஞ்சுச் சத்தம் தெளியும், பாப்பாவும் சுருங்கி நிற்காது. அட்ரோபின் ஓடும்போதே "பல்ஸ் 72, பாப்பா ஊசிமுனை" என்று எழுதியிருந்தால், ஒன்று அது காப்பி. இல்லையென்றால் நோயாளிக்கு மருந்து போதவில்லை. அதனால் விசாரணை அப்புறம். முதலில் கட்டிலுக்குப் போய் ஆசிரியர்களான நாமே பார்த்து, டியூட்டி ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

பிறகு தனி அறையில் இரண்டு ரெக்கார்டையும் பக்கத்தில் வைத்து, அவளைப் பேசவிடுங்கள். கொடுத்த சீனியரையும் கேளுங்கள். ஒரு வாரத்தில் புது நோயாளிக்கு ஒரே ஒரு கேர் பிளான், அதைக் கட்டிலருகே நின்று பத்து நிமிடம் விளக்கட்டும். நோயாளி சொன்னதை எழுதும் பகுதியில் "நெஞ்சு படபடங்குது" என்று தமிழிலேயே எழுதவிடுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த பல பிள்ளைகளைக் காப்பி அடிக்க வைப்பது சோம்பல் அல்ல, ஆங்கில வாக்கியத்தின் பயம். நடந்ததை எழுதி ஆசிரியரும் மாணவியும் கையெழுத்திடலாம். அளவெடுக்காமலே எண் போட்டிருந்தாலோ, மறுபடி நடந்தாலோ பிரின்சிபாலிடம் போகட்டும்.

சிலர் உடனே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியின் காப்பி சதவீதம் பேசுவார்கள். 2018 விதியின் 10, 40, 60 சதவீதத் தண்டனைப் படிகள் ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை போன்றவற்றுக்கானவை. கையால் எழுதிய ரெக்கார்டை எந்த மென்பொருளில் போடுவது?

எண்ணிக்கைக்காகப் பத்து கேர் பிளான் வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போடுவதை நாமும் நிறுத்த வேண்டும். மூன்று போதும், மூன்றையும் வார்டிலேயே திருத்தலாம். பிராக்டிகல் தேர்வு முடிந்ததும் பழைய ரெக்கார்டுகளைக் கல்லூரியே வாங்கி வைத்துக்கொண்டால் ஹாஸ்டலில் அவை கைமாறுவதும் குறையும்.