ஒரே குழாயில் வரும் புகை

நேற்றுப் பின்னேரம் மாங்குளம் பக்கம் போகும் பஸ்ஸுக்காக வவுனியாவில் அரை மணித்தியாலம் நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் நாலைந்து வயதுப் பிள்ளை. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் ஸ்டார்ட்டிலேயே நின்றது. ஆள் சேரவில்லை. நடத்துனர் "கிளிநொச்சி, பரந்தன், யாழ்ப்பாணம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். புகைக்குழாய் எங்கள் பக்கம். அந்த அம்மா சேலைத் தலைப்பால் பிள்ளையின் மூக்கைப் பொத்தினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை இருமத் தொடங்கியது. பைக்குள் கைவிட்டு முட்டுக்கு அடிக்கும் பம்பை எடுத்தார். தேடவில்லை, கை நேரே அதற்குத்தான் போனது. அப்படியென்றால் இது அவருக்கு ஒருநாள் விஷயம் இல்லை.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கை கண்ணுக்குள் நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொண்ணூறுகளில் மல்லாவியில் வளர்ந்தவள். பொருளாதாரத் தடைக் காலம். அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். அந்தப் போத்தலை மருந்து மாதிரிப் பத்திரமாக வைத்திருப்பார். வண்டி பிடித்துக்கொண்டதும் முற்றம் முழுக்கப் புகை கிளம்பும். பின்னால் இருந்து போனால் தலையிடி. எங்கள் தலைமுறை அந்தப் புகையைக் குடித்துத்தான் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் போய் வந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இன்றைக்கு வழி இருக்கிறது. வழி இருந்தும் நம் பிள்ளைகள் புகை குடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம்மிடம் இந்தப் பேச்சு எப்போதும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. புகை என்றால் சுகாதாரப் பிரச்சினை, அதற்கு ஒரு கந்தோர். காலநிலை மாற்றம் என்றால் பெரிய மண்டபத்தில் நடக்கும் கருத்தரங்கு, அதற்கு இன்னொரு கந்தோர். அந்தப் பஸ்ஸின் குழாயில் இரண்டும் ஒன்றாகத்தானே வருகின்றன? டீசல் எரியும்போது வெளியேறும் காபனீரொட்சைட்டு நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. அதே குழாயில் வரும் கரி, சில நாட்களோ சில வாரங்களோதான் காற்றில் இருக்கும். இருக்கும் அந்தக் கொஞ்ச நாளில் அதுவும் வெயிலை உறிஞ்சிச் சூட்டைக் கூட்டும், கூடவே நம் சுவாசப்பைக்குள்ளும் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீற்றர் காற்றில் 5 மைக்கிரோகிராமைத் தாண்டக்கூடாது என்று அதே நிறுவனம் 2021 இல் சொன்னது. இலங்கையின் சட்டத்தில் உள்ள வரம்பு 25. சட்டத்துக்குள் நிற்கும் காற்றுக்கூட ஐந்து மடங்கு கெட்டதாக இருக்கலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

இரண்டையும் பிரித்து வைத்தால் என்ன நடக்கும் என்பதை ஐரோப்பா ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. ஒரு கிலோமீற்றருக்கு வெளியேறும் காபன் குறைவு என்று அங்கே பல நாடுகள் டீசல் கார்களுக்கு வரிச் சலுகை கொடுத்தன. பிரித்தானியாவில் 2001 முதல் கார் வரியே காபன் அளவைப் பொறுத்ததாக மாறியது. காலநிலைக்கு நல்லது என்று நம்பித்தான் சனம் டீசல் கார் வாங்கியது. நகரங்களின் காற்றில் நைதரசன் ஒட்சைட்டுகள் நிறைந்தன. பரிசோதனையின்போது மட்டும் சுத்தமாகக் காட்டும் மென்பொருளை ஃபொக்ஸ்வாகன் பொருத்தியிருந்தது 2015 செப்டெம்பரில் வெளியே வந்தது. கணக்கில் காபனை மட்டும் பார்த்தார்கள், தெருவில் நடந்தவரின் மூச்சை யாரும் பார்க்கவில்லை. மறுபக்கமும் இதே கதைதான். புகைக்கு மட்டும் வடிகட்டி போட்டால் கரி குறையும், ஆனால் எரியும் டீசல் குறையாது. இரண்டையும் சேர்த்துக் குறைப்பது என்றால், ஒன்று எரிக்கும் எண்ணெய் குறைய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வண்டியில் கனபேர் போக வேண்டும்.

கனபேர் போகும் வண்டி நமக்குப் பஸ்தான். அதனால் என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: வன்னியில் காலநிலைப் பணம் என்று ஒன்று வந்தால், அதன் முதல் ரூபாய் பஸ்ஸுக்குப் போக வேண்டும். காருக்கு அல்ல.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்போது காற்று மறுபக்கம் அடிக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் கதவு திறந்தது. மின்சாரக் கார் வாங்கினால் பூமியைக் காப்பாற்றிவிட்டோம் என்பது மாதிரி விளம்பரங்கள் வருகின்றன. வாங்கக்கூடியவர் வாங்கட்டும், எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் நெடுங்கேணியில் இருந்து கிளினிக்குக்கு வரும் ஆச்சிக்கு அந்தக் காரால் ஒரு பலனும் இல்லை. அவர் போகும் பஸ் மாறினால்தான் அவருக்குப் பலன். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவரை விட, தரிப்பிடத்தில் நிற்கிறவர்தான் கூடப் புகை குடிக்கிறார்.

மின்சார பஸ் என்றவுடன் "நடக்கிற கதையா?" என்று கேட்பீர்கள். சீனாவில் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன்னுடைய பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களை முழுவதும் மின்சாரத்துக்கு மாற்றியது. நம் வசதி அது இல்லை என்பது தெரியும். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸை இப்போதைக்கு விடுங்கள். வவுனியா–செட்டிகுளம், வவுனியா–நெடுங்கேணி, கிளிநொச்சி–பூநகரி, பரந்தன் வழியாக முல்லைத்தீவு. இந்தத் தடங்களைப் பாருங்கள். காலையில் பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் சனம் நெரியும், பின்னேரம் திரும்பி வரும். நடுப்பகலில் பாதி பஸ்கள் காலியாக நிற்கும். நடுப்பகல் என்பது வன்னியில் வெயில் கொளுத்தும் நேரம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின் தேவை குறைந்தபோது, கூரையில் சூரியத்தகடு போட்டவர்களைப் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகல் வெயிலில் வந்த மின்சாரத்துக்கு அன்றைக்கு வேலை இருக்கவில்லை. அந்த நேரத்தில் டிப்போவில் நிற்கும் பஸ்ஸுக்குச் சார்ஜ் ஏற்றினால் என்ன? ஒரு சார்ஜில் இருநூறு கிலோமீற்றர் ஓடும் பஸ்கள் இன்றைக்குச் சாதாரணம். மன்னாரில் நூறு மெகாவாட் தம்பபவனி காற்றாலை 2020 இல் இருந்து நிற்கிறது. காற்றும் வெயிலும் நம் பக்கத்தில்தான் விளைகின்றன, டீசல்தான் கப்பலில் வருகிறது. 2022 இல் கியூஆர் அட்டையோடு எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இரவில் சார்ஜ் ஏற்றினால் கதை வேறு. நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின்நிலையம் நிலக்கரியில் ஓடுகிறது. நம் பஸ் நிலையத்துப் புகையை எடுத்துக் கற்பிட்டிப் பக்கத்துச் சனத்தின் மூச்சுக்குள் விடுவது நியாயம் இல்லை. அதனால்தான் பகல் சார்ஜ் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

"இலங்கை வெளிவிடும் காபன் ஆளுக்கு வருடத்துக்கு ஒரு தொன் அளவுதான், பணக்கார நாடுகள் செய்ததற்கு நாங்கள் ஏன் மாற வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது. உலகச் சராசரி நம்மைவிடப் பல மடங்கு. வெள்ளத்திலும் வரட்சியிலும் பயிரை இழப்பது மட்டும் நாங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாய்ந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு மறக்கவில்லை. ஆனால் காற்றையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. நாம் குறைக்கும் காபனின் பலன் உலகம் முழுக்கப் பிரிந்துபோகும், அதுவும் காலம் எடுத்து வரும். நாம் குறைக்கும் கரியின் பலன் அதே தரிப்பிடத்தில், அதே கிழமையில், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும். அதை யாரும் நம்மிடம் இருந்து பங்கு கேட்க முடியாது.

எல்லாப் புகையும் பஸ்ஸில் இருந்து வருவதில்லை. குப்பையும் வைக்கோலும் எரிக்கிறோம். டிப்பர்கள் கிளப்பும் புழுதி வேறு. 2022 டிசம்பர் 9 அன்று மாசுபட்ட காற்றுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அந்தக் காற்றில் பெரும்பங்கு கடல் தாண்டி வந்தது. வருவதை நாம் தடுக்க முடியாது. நம் குழாயில் வருவதைத் தடுக்கலாம்.

சில வேலைகளுக்குப் பெரிய பணமும் தேவையில்லை. ஆள் சேரும்வரை எஞ்சினை நிறுத்தலாம். ஒரே தடத்தில் இரண்டு பஸ் முந்திக்கொண்டு ஓடுவதையும், பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றுமே வராமல் இருப்பதையும் நேர அட்டவணையால் சரிசெய்யலாம். பஸ் நேரத்துக்கு வந்தால் என் சக ஆசிரியர்களில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். 1990 இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் திரும்பவும் கிளிநொச்சிக்கு வந்தபோது நாங்கள் எவ்வளவு சந்தோசப்பட்டோம்! இன்றைக்கு ரயிலால் இறங்கி வெளியே வந்தால் ஊருக்குள் போக பஸ் இருக்காது. ஓட்டோதான். ரயில் நேரத்தோடு பஸ்ஸைச் சேர்ப்பதற்கு ஒரு மேசையும் நாலு பேரும் போதும்.

தனியார் பஸ் உரிமையாளர்கள் என்னோடு கோபிக்க வேண்டாம். லீசிங் கட்டிக்கொண்டு ஓடும் ஒருவரைப் பார்த்து "நாளைக்கே மின்சார பஸ் வாங்கு" என்று சொல்ல எனக்கு மனம் வராது. இவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுங்கள் என்றுதான் அரசாங்கத்தைக் கேட்கிறேன். 2050 இல் காபன் சமநிலை என்று இந்த நாடு உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடதாசி வவுனியா டிப்போ வரைக்கும் வர வேண்டாமா?

உங்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகும் யாராவது இதை வாசித்தால், ஒரு கேள்வியை மட்டும் எனக்காகக் கேளுங்கள்: நம் மாவட்டத்துக்கு வரும் அடுத்த பத்துப் பஸ்களில் எத்தனை மின்சார பஸ்? பதிலை இங்கே வந்து எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.